மருந்தறிவுச் செம்மல்

தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று மரியஅந்தோணி எழுபத்தொரு வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ஆனைமலை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் கையிலிருக்கும் தாளைப் பார்க்காமல் சொல்லுவார். கேள்விப்படாத ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஒரு நேரம் சொல்லுவார். அந்த நேரத்துக்கு எப்படியும் ஏதாவது ஒரு வண்டி வந்துவிடும்.

அவருடைய அப்பா நெகமம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கூலிக்கு இருந்தவர். யார் எந்தத் தாளை நீட்டினாலும் என்ன ஏதென்று கேட்காமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தவர். அந்த வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது மரியஅந்தோணிதான். ஊரில் அவரைப் 'படிச்சவன்' என்றார்கள். படிச்சவன் ஒரு விஷயம் தெரியாது என்று சொல்லிவிட்டால், அப்பாவின் கட்டைவிரல் மை தன் விரலிலும் தெரிந்துவிடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

ஓய்வு பெற்ற பின் துடியலூரில் சின்னதாக ஒரு வீடு. மனைவி ரூத் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். மகள் கிருபா பெங்களூரில்.

போன செப்டம்பரில் ஒருநாள் காலை மரியஅந்தோணிக்கு நெஞ்சைப் பிடித்தது. ரூத் பதறி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, சரவணம்பட்டியில் உள்ள ஆயுள்விருத்தி பல்துறை மருத்துவமனையில் சேர்த்தார். மூன்று நாள் படுக்க வைத்து, இதயத்தைப் பல கோணங்களில் படம் பிடித்துவிட்டு, அது வெறும் வாயு என்று கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்பது வகை மருந்து கொடுத்தார்கள். வாயுவுக்கு ஒன்று. வாயு திரும்ப வராமலிருக்க ஒன்று. இந்த இரண்டும் வயிற்றைக் கெடுக்காமலிருக்க ஒன்று. அவருக்கு ஆறு வருடமாக இருந்த சர்க்கரைக்கும், வந்ததற்கு மரியாதையாக, ஒரு பச்சை மாத்திரை.

சர்க்கரைக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது. துடியலூரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவர் இப்போது கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார்.

"ஏனுங்க, அந்த வெள்ளை மாத்திரையை என்ன பண்றது? இதோட சேத்திப் போடறதா, நிறுத்திப்போடறதா?" என்று ரூத் கேட்டார்.

"சேத்தித்தான். டாக்டர் குடுத்ததை நிறுத்துவாங்களா?" என்றார் மரியஅந்தோணி. ஆனைமலை வண்டிக்கு நேரம் சொன்ன அதே குரலில்.

மூன்றாம் நாள் துடியலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. எதிரே வந்து நின்ற பஸ்ஸின் போர்டு தெரிந்தது, ஆனால் அது என்ன ஊர் என்று மூளைக்கு எட்டவில்லை. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்து, டீக்கடையில் சர்க்கரை அள்ளிப் போட்ட டீ வாங்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் ஊர்ப் பெயர்கள் திரும்பி வந்தன.

அன்றிலிருந்து அவர் வெள்ளை மாத்திரையைப் போடவில்லை. பச்சையை மட்டும் போட்டார். நடுக்கம் வரவில்லை. ஆனால் தான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. ரூத்திடம், "டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுப்போட்டேன், வெள்ளை வேண்டாமுன்னுட்டார்" என்று சொல்லிவிட்டார். ரூத் நாற்பத்தேழு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"போனெல்லாம் வேண்டாமுங்க. நேர்ல போயி ஒருக்காக் கேட்டுட்டு வந்துருங்க," என்றார்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மருந்து வாங்கும் ஜன்னல் இருந்தது. மரியஅந்தோணி இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தார். உள்ளே இருந்த மருந்தாளுநர் சாஜிதா பேகம் இரண்டையும் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பின்பக்கத்து எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல அண்ணாந்து கேமராவைப் பார்த்துவிட்டு அட்டைகளைத் திருப்பித் தள்ளினார். ஜன்னலுக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். 'இங்கு மருந்துகள் மட்டும் வழங்கப்படும். மருந்து பற்றிய சந்தேகங்கள் நான்காம் தளத்தில் மட்டும்.'

நான்காம் தளத்தில் 'மூத்தோர் மருந்துப் புரிதல் மையம்' என்று பெரிய பலகை இருந்தது. ஏசி, மீன்தொட்டி, எட்டு நாற்காலி. ஜெனிஷா என்ற பெண் கழுத்தில் அட்டை தொங்க, சிரித்தபடி எழுந்து நின்றாள்.

"வாங்க சார். உக்காருங்க சார். என்ன சார் சந்தேகம்?"

"ஒன்னுமில்லீங்கம்மணி. இந்தப் பச்சையும் வெள்ளையும்..."

"ஒரு நிமிஷம் சார். சந்தேகத்தை இப்பவே சொல்லிடாதீங்க. மொதல்ல உங்களுக்கு மருந்துன்னா என்னன்னு தெரியுமான்னு பாக்கணும். அப்பத்தான் சந்தேகத்தை எடுத்துக்க முடியும்."

நாற்பது கேள்விகள் கொண்ட தாளை எடுத்தாள். மருந்து என்பது (அ) உணவு, (ஆ) உடை, (இ) மருந்து. மாத்திரையை எதன் வழியாக உட்கொள்ள வேண்டும்? மருந்து கசந்தால் யாரிடம் கோபப்படக் கூடாது? மரியஅந்தோணி ஏழாவது கேள்வியிலேயே களைத்துவிட்டார். மற்றதை ஜெனிஷாவே டிக் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வீடியோ ஓடியது. அதில் நரைத்த தலையும் இளமையான கைகளும் கொண்ட ஒருவர் மாத்திரையை விழுங்கிவிட்டு கடற்கரையில் ஓடினார்.

"இப்ப இந்த ஸ்கிரீன்ல ஒன்னைத் தொடுங்க சார்."

திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'புரிந்தது'. மற்றொன்று 'மிக நன்றாகப் புரிந்தது'.

"புரியலைங்கறதுக்கு இல்லீங்களா?"

"அது போன வருஷம் இருந்துச்சு சார். தரச் சான்றிதழ் குடுக்க வந்தவங்க, அந்தப் பட்டனை நெறையப் பேரு அமுக்கறாங்கன்னு மார்க்கைக் கொறச்சுட்டாங்க. அதனால பட்டனை எடுத்துட்டோம். இப்ப எல்லாருக்கும் புரியுது."

"செரிங்கம்மணி. இப்ப என் சந்தேகத்தைச் சொல்லலாமுங்களா? இந்தப் பச்சையும் வெள்ளையும்..."

ஜெனிஷா வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். "சார், நாங்க பொதுவா மருந்துகளைப் பத்தி மட்டும்தான் சொல்லுவோம். உங்க மருந்தைப் பத்தி உங்க டாக்டர்தான் சொல்லணும்."

அந்த மருத்துவமனையில் அவரைப் பார்த்த டாக்டரும் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். நோயாளிகளின் சந்தேகங்களுக்கு உடனுக்குடன் பதிலளிப்பது எப்படி என்பது கருத்தரங்கின் தலைப்பு. அவருக்குப் பதிலாக வேறொரு டாக்டர் இருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு கதவு திறந்தது. அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ரீடிங் ஓகே. ஆல் மெடிசின்ஸ் கண்டினியூ," என்றார்.

"ஆலுன்னா..."

"ஆல்."

அதற்குள் நர்ஸ் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த இருபது பேரும் அவரையே பார்த்தார்கள். வெள்ளையும் பச்சையும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தன. எடுத்துக் காட்டி, எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். மரியஅந்தோணி அந்த வினாடியில், "ஓகே டாக்டர்," என்றார். இங்கிலீஷிலேயே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ரூத் கேட்டார். "கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன்."

நான்கு நாள் கழித்து ஜெனிஷா போன் செய்தாள். குரலில் சந்தோஷம் பொங்கியது. நாற்பதுக்கு நாற்பது எடுத்த ஒரே மூத்த குடிமகன் அவர்தானாம். மருத்துவமனை கொண்டாடும் மூத்தோர் மருந்துப் பாதுகாப்பு வாரத்தில் அவருக்கு 'மருந்தறிவுச் செம்மல்' பட்டம் வழங்கப் போகிறார்களாம்.

"நான் எங்கீங்கம்மணி எழுதினேன்? நீங்கதானுங்க டிக் அடிச்சீங்க," என்றார்.

"அந்தத் தன்னடக்கந்தான் சார் எங்க எம்.டி.க்குப் புடிச்சிருக்கு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று மாலை அவர் சலவைக்குக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையை வாங்கி வந்தார். கிருபாவுக்குப் போன் செய்து சொன்னார். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியாரிடமும் சொன்னார். ரூத் மட்டும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "அல்லாம் செரி. அந்த வெள்ளை மாத்திரைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். மரியஅந்தோணி பாத்ரூமுக்குள் போய்விட்டார்.

விழா மருத்துவமனையின் அரங்கத்தில் நடந்தது. சர்க்கரை நோயாளிகள் நூற்றைம்பது பேர் அமர்ந்திருக்க, மேடையில் மாத்திரை வடிவத்தில் மூன்றடி நீள கேக்கை வெட்டினார்கள். ஆளுக்கொரு துண்டும், இருபத்தெட்டு அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டியும் கொடுத்தார்கள். அதன் மூடியைத் திறக்க ஒரு கையால் இரண்டு பக்கமும் அழுத்தி மறு கையால் திருக வேண்டும். முன்வரிசையில் பாதிப் பேருக்கு விரல்களில் மூட்டுவலி. கேக்கை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள்.

நிர்வாக இயக்குநர் டாக்டர் ரவிதேஜா பேசினார்.

"அன்புள்ள சீனியர் சிட்டிசன்களே! மருந்தைப் புரியாமல் சாப்பிடுவதுதான் இன்றைக்கு முதியோருக்கு இருக்கிற பெரிய ஆபத்து. போன வருடம் மருந்து மாறிச் சாப்பிட்டு நம் மருத்துவமனைக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர். இந்த வருடம் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம்! எப்படிச் சாதித்தோம்? அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டோம். இப்போது அவர்களெல்லாம் 'இதர மயக்கம்' என்ற பிரிவில் நல்லபடியாக இருக்கிறார்கள்."

கைதட்டல்.

"முன்பு நம் டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம் செலவழித்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துவிடுவார். பேசினால் குழப்பம் வரும். இப்போது இரண்டரை நிமிடம். குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒரு முதியவருக்கு மற்ற இடங்களில் ஐந்தாறு மருந்து எழுதுகிறார்கள். நாம் சராசரியாகப் பதினொன்று எழுதுகிறோம். ஏன்? அக்கறை! சிலர் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில் ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் விசாரிப்பதில்லையே என்று. நான் சொல்கிறேன், அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது நம் பண்பாடு அல்ல!"

இதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே தட்டினார்கள்.

பிறகு மரியஅந்தோணியை மேடைக்கு அழைத்து, தங்க நிற எழுத்தில் 'மருந்தறிவுச் செம்மல்' என்று பொறித்த பட்டையைத் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக மாட்டிவிட்டார்கள். உறுதிமொழியை அவர் வாசிக்க எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார்கள். தாள் கைக்கு வந்தது. மைக்கை ஜெனிஷா வாயருகே பிடித்தாள்.

"எனக்குக் கொடுக்கப்பட்ட எல்லா மருந்துகளையும் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்."

நூற்றைம்பது பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

"டாக்டர் கொடுத்த எந்த மருந்தையும் நானாக நிறுத்த மாட்டேன்."

இந்த வரியில் அவர் குரல் உள்ளே போனது. வெள்ளை மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஜெனிஷா மைக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து, "சத்தமா சார்," என்றாள். அவர் சத்தமாகச் சொன்னார். அரங்கமே சத்தமாகச் சொன்னது.

விழா முடிந்து, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவர் தனியாக நின்றிருந்தபோது, ஒரு வயதான பெண் தயங்கித் தயங்கி வந்தார். அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம், பெயர் பூவாத்தாள் என்று சொன்னார். காய்ச்சலுக்கு மூன்று நாள் இங்கே படுத்திருந்தாராம், போன வாரம்தான் வீட்டுக்குப் போனாராம். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணிப்பையை எடுத்து விரித்தார். அதற்குள் காகித உறையில் ஒரு வெள்ளை மாத்திரை அட்டை. பச்சையில் ஒரு அட்டை.

"ஏனுங் சார், உங்குளுக்கு அல்லாம் தெரியுமுன்னாங்க. இது எங்கூரு ஆஸ்பத்திரில மாசாமாசம் சக்கரைக்குக் குடுக்கறதுங்க. இது இங்க குடுத்ததுங்க. இதும் சக்கரைக்காமா. இன்னைக்கு வரைக்கும் பழசை மட்டுந்தான் போட்டுட்டு இருக்கறனுங்க. ரெண்டையும் போடறதுங்களா? ஒன்னு போதுமுங்களா? ஆரைக் கேட்டாலும் மேல போ கீழ போங்கறாங்க. நமக்குப் படிப்பு இல்லீங்க. கேக்கறதுக்கே வெக்கமா இருக்குதுங்க."

மரியஅந்தோணி அந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தார். அவர் கேட்கப் போய்க் கேட்காமல் திரும்பிய கேள்வி அப்படியே அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் இருந்தது. பச்சை அட்டை தன் சட்டைப் பையில் இருப்பதேதான் என்று அடையாளம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தனக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். தெரியாது என்று சொல்லலாம். எனக்கு நடுக்கம் வந்தது, நான் ஒன்றை நிறுத்திவிட்டேன், நீங்கள் யாரையாவது கேளுங்கள் என்று சொல்லலாம். இரண்டடி தள்ளி ஜெனிஷா போட்டோக்காரரோடு நின்றுகொண்டிருந்தாள். மார்பின் குறுக்கே பட்டை இருந்தது.

"டாக்டர் குடுத்ததை நிறுத்தப்படாதுங்கம்மா. ரெண்டையும் போடுங்க," என்றார்.

பூவாத்தாள் முகம் தெளிந்து கைகூப்பினார். "மவராசனா இருங்க சார்."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எதிர்க் காற்று முகத்தில் அடித்தது. ஓடிப்போய் அந்தப் பெண்ணைத் தேடலாமா என்று பஸ் கணபதி ஸ்டாப்புக்கு வரும்வரை நினைத்தார். கணபதி தாண்டியதும், ஒருவேளை அவருக்கு ஒத்துக்கொள்ளும், எல்லா உடம்பும் ஒன்றல்ல என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் காலையில் ஜெனிஷாவின் போன் வந்தது.

"சார், ஒரு நல்ல விஷயம். நீங்கதான் இனி எங்க மருந்துத் தூதர். மொதல் கேஸே வந்துடுச்சு. அன்னூர்ப் பக்கம் ஒரு அம்மா, தப்புத்தப்பா மாத்திரை போட்டுச் சக்கரை கொறஞ்சு விழுந்துட்டாங்க. காப்பாத்தி வார்டுல வெச்சிருக்கோம். நீங்க வந்து அறிவுரை சொல்லணும். பட்டையை மறக்காமப் போட்டுட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரூத் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மரியஅந்தோணி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரிடம் கேட்காதது, தானாக நிறுத்தியது, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னது. சொல்லும்போது ரூத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

ரூத் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "என்கிட்டச் சொல்லி என்ன ஆகறதுங்க? போயி அந்தம்மாகிட்டச் சொல்லுங்க," என்றார்.

வார்டில் பூவாத்தாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. விடியற்காலையில் பால் கறக்கப் போனவர் கட்டுத்தரையில் மாட்டுக் காலடியிலேயே விழுந்து கிடந்தாராம். மகன் செங்கோட்டையன் பக்கத்தில் நின்று, வார்டு முழுவதும் கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தான்.

"மாத்திரையைப் பாத்துப் போடத் தெரியாதா? எழுதப் படிக்கத்தான் தெரியாது, நாலு பேரையாச்சும் கேக்கோணுமல்ல? மாடு மிதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊரே சிரிக்குது."

பூவாத்தாள் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். மரியஅந்தோணி பட்டையோடு உள்ளே வருவதைப் பார்த்தார். ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்தன. பூவாத்தாள் சட்டென்று குனிந்து, "நாந்தான் சாமி மாத்திப் போட்டுட்டேன். ஆரும் சொல்லலை. எம்புத்திதான் மழுங்கிப்போச்சு," என்று மகனிடம் சொன்னார்.

டாக்டர் ரவிதேஜா, ஜெனிஷா, போட்டோக்காரர், பழக்கூடை எல்லாம் வந்து சேர்ந்தன. ஜெனிஷாவின் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் 'மருந்து ஒழுக்கம் தவறிய நோயாளி' என்று தலைப்பிட்டு, நடந்ததற்கு நோயாளியே முழுப் பொறுப்பு என்று அச்சிட்டிருந்தது. கீழே பூவாத்தாளின் கட்டைவிரல் ரேகை ஏற்கெனவே பதிந்திருந்தது. மை இன்னும் காயவில்லை.

மரியஅந்தோணி அந்த ரேகையைப் பார்த்தார்.

"நாந்தானுங்க சொன்னேன்," என்றார்.

"என்ன சார்?" என்றாள் ஜெனிஷா.

"ரெண்டையும் போடச் சொன்னது நாந்தானுங்க. இந்தம்மா என்னைத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியாது. தெரியாமயே சொல்லிப்போட்டேன். எனக்கே ரெண்டையும் போட்டு மயக்கம் வந்துதுங்க. நான் ஒன்னை நிறுத்திப்போட்டு, இவங்களைப் போடச் சொல்லிப்போட்டேன்."

டாக்டர் ரவிதேஜா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. மரியஅந்தோணியின் தோளில் கைபோட்டு எல்லோர் பக்கமும் திருப்பினார்.

"பார்த்தீர்களா! ஒரு ஏழைத் தாயின் தவறைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். இதைத்தான் நான் செம்மல் என்பது. அறிவு இருக்கும் இடத்தில்தான் இந்தப் பணிவு வரும்!"

"பணிவு இல்லீங்க டாக்டர், நெசமாலுமே..."

"போதும் சார், போதும். நீங்கள் இன்னும் பேசினால் நான் அழுதுவிடுவேன். போட்டோ எடுத்தாச்சா?"

நர்ஸுகள் கைதட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களும் தட்டினார்கள். செங்கோட்டையன்கூடக் கண்கலங்கிக் கும்பிட்டான். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தை ஒப்புக்கொண்டால் சாமியார் ஏதாவது தண்டனை கொடுப்பார். கைதட்ட மாட்டார். மரியஅந்தோணி பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது மடல்கள் எரிந்தன. எழுபத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார், அதையும் ஒருவரும் நம்பவில்லை.

அவர்கள் போனார்கள். செங்கோட்டையன் டீ வாங்கிவரப் போனான். மரியஅந்தோணி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க ஏனுங்கம்மா மகன்கிட்டச் சொல்லலை?"

"நாலு பேருக்கு முன்னால உங்களை எப்படிங்க சொல்றது? பெரிய மனுசர், மாலை மரியாதை வாங்கினவீங்க. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமாச்சுங்க."

"நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. வெக்கத்துல."

பூவாத்தாள் அவரைப் பார்த்தார். இப்போது கோபம் தெரிந்தது. அது மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற ஆரையாச்சும் கேட்டிருப்பனுங்க. அன்னைக்கு ராத்திரி மருமகளை உட்டாச்சும் கேக்க வெச்சிருப்பேன். உங்களைக் கேட்டதுக்கப்பறம் ஆரையும் கேக்கலைங்க. அதானுங்க."

மரியஅந்தோணி ஸ்டூலில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. எதைத்தான் போடறது?" என்றார் பூவாத்தாள்.

"தெரியாதுங்க. கேட்டுப்போட்டு வாரேனுங்க."

பூவாத்தாளின் துணிப்பையை வாங்கிக்கொண்டு வார்டின் மூலையில் இருந்த மேஜைக்குப் போனார். டியூட்டி டாக்டர் அன்புக்கரசி கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நிமிர்ந்து அவரையும் பட்டையையும் பார்த்தாள்.

"என்ன சார்?"

"எனக்குப் புரியலைங்க," என்றார். சத்தமாகவே வந்துவிட்டது. நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்புக்கரசி இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பின்னால் திருப்பினாள். பேனா முனையால் சின்ன எழுத்தைச் சுட்டிக்காட்டினாள். "கம்பெனி பேருதான் சார் வேற. உள்ள ரெண்டுலயும் இருக்கறது ஒரே மருந்து. கிளிமிபிரைடுன்னு போட்டிருக்கு பாருங்க, இதுலயும் அதுலயும். ரெண்டையும் போட்டா டபுள் டோஸ். சக்கரை ஒரேயடியா எறங்கிடும்."

"இன்னொருக்காச் சொல்லுங்கம்மா. புரியலை."

அவள் மறுபடியும் சொன்னாள். வெள்ளை அட்டையின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டாள். பூவாத்தாளுக்கு இனிப் பச்சை மட்டும், அதுவும் பாதி அளவுதான், நாளைக் காலையில் சர்க்கரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்த அட்டைகளையும் எடுத்து வைத்தார். அவள் அவருடைய சர்க்கரை அளவைக் கேட்டு, கம்ப்யூட்டரில் பார்த்து, "உங்க ரெண்டுலயும் அதே மருந்துதான் சார். நீங்க நிறுத்தினது செரிதான். ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் சார்," என்றாள். மொத்தம் நான்கு நிமிடம் ஆனது. யாரும் கைதட்டவில்லை.

மரியஅந்தோணி கட்டிலுக்குத் திரும்பி வந்து, கேட்டதைக் கேட்டபடி பூவாத்தாளிடம் சொன்னார். சின்ன எழுத்தைக் காட்டினார். பூவாத்தாளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் இரண்டு அட்டைகளிலும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டீயோடு வந்த செங்கோட்டையனிடமும் மரியஅந்தோணி ஒருமுறை சொன்னார். ரெண்டையும் போடச் சொன்னது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். செங்கோட்டையன் டீயைக் கையில் வைத்தபடி நின்றான். இந்த முறை கும்பிடவில்லை.

"பச்சை மட்டுமுங்களா," என்றார் பூவாத்தாள்.

"பச்சை மட்டும். பாதி."

"சோத்துக்கு முன்னாலயா, பொறவா?"

மரியஅந்தோணி வாயைத் திறந்தார். முன்னால் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அதைக் கேக்கலைங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுந்து மேஜைக்குப் போனார்.